மருந்து பூசிய விருந்தாளி

ஒரு இதயத்தில் ரத்தக்குழாய் ஒருத்தி குடித்தனம் நடத்திவந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அடைப்பு வந்தபோது முட்டுக்கொடுக்க வந்த ஸ்டென்ட் மாமா, அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். கம்பிவலை உடம்பு, இம்மி நகரமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊருக்கெல்லாம் யோசனை சொல்வார். இப்போது அவருக்குள்ளேயே மறுபடி அடைப்பு. ரத்தம் நூலாகத்தான் போனது.

"என் தம்பி ஸ்டென்ட்டையும் கூப்பிடு. எனக்குள்ளேயே உட்காருவான்" என்றார் மாமா.

அவளுக்குப் பகீரென்றது. இருக்கிற இடத்தில் இன்னொருத்தரும் குடியேறினால் ரத்தம் எந்த வழியாகப் போகும்?

நல்லவேளை, வந்தது ஒரு பலூன். உடம்பெல்லாம் மருந்து பூசியிருந்தது.

"ஒரே நிமிஷம், பொறுத்துக்கோங்க அக்கா" என்று உப்பியது. அடைப்பை ஓரமாகத் தள்ளி, மருந்தைச் சுவரில் அப்பிவிட்டுச் சுருங்கியது. ரத்தம் தடையில்லாமல் ஓடியது.

"ரெண்டு நாள் இருந்துட்டு..." என்று அவள் பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள்.

"எதுக்குக்கா? மருந்து குடுத்தாச்சு. நான் போறேன்."

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "போயிட்டு வரேன்னு சொல்லணும். வீட்ல சொல்லிக்குடுக்கலையா?"

"சும்மா இருங்க மாமா. அது திரும்பி வந்தா எனக்கு மறுபடி அடைப்புன்னு அர்த்தம்" என்றாள் ரத்தக்குழாய். "நீங்க மூணு வருஷமா 'போறேன்'னும் சொல்லலை, 'போயிட்டு வரேன்'னும் சொல்லலையே."