ஐந்துக்கு ஒன்று

தன் தட்டிலிருந்த ஆட்டுக்கறித் துண்டை எடுத்து, கேட்காமலேயே தாரணியின் சோற்றின் மேல் வைத்தாள் ருக்ஸானா. “சாப்பிடு லா. மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க?”

தாரணி சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய பாடு. இவளோ முன்னாடியே வந்து, மேசையில் டிஷ்யூ பாக்கெட் போட்டு இடம் பிடித்து, பிரியாணியும் வாங்கி வைத்துக் காத்திருக்கிறாள். இப்படி உருகினால் உண்மையை எப்படித்தான் சொல்வது!

இருவரும் ஆன்லைனில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் படித்தவர்கள். கடைசி ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடுவது ட்ரெய்னர் அல்ல. கூடப் படிப்பவர்களே ஒருவருக்கொருவர், போட்டவர் பெயர் தெரியாமல், ஐந்துக்கு இத்தனை என்று போடவேண்டும். முதலாவதாக வரும் ஒரே ஒருவருக்கு நேரடி வேலை.

பாலிடெக்னிக் முடித்தும் வேலை கிடைக்காமல் வீட்டில் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள் தாரணி. அந்த வேலைக்குக் குறுக்கே நின்றது ருக்ஸானா மட்டும்தான். அவள் ப்ராஜெக்ட் அவ்வளவு அருமை. தாரணி பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கு ஐந்துக்கு ஒன்று போட்டாள்.

நேற்று ரிசல்ட். வேலை யாருக்கு? வகுப்பு நேரத்தில் மைக்கைக்கூட அணைக்காமல் மொறுமொறுவென்று குரோப்போக் அப்பளம் கடித்துக்கொண்டிருந்த வசீகரனுக்கு! செய்த பாவத்துக்குப் பலனாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

“தாரணி...” ருக்ஸானா ரோஜாப்பால் பண்டுங்கை ஸ்ட்ராவால் கிளறிக்கொண்டே இருந்தாள். “யாரு யாருக்கு எவ்வளவு போட்டாங்கன்னு ட்ரெய்னர் காட்டுவாரா?”

தாரணி சட்டென்று நிமிர்ந்தாள். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாளோ?

“காட்ட மாட்டாருன்னு நினைக்கிறேன். ஏன்?”

“சும்மா கேட்டேன்.” இன்னொரு கறித் துண்டு தாரணியின் தட்டுக்கு வந்தது. “எங்க உம்மாதான் பாவம். நான் ஆபீஸ் போறதுக்குன்னு புதுத்துணி தைக்கக் குடுத்துட்டாங்க.”

அதற்குமேல் தாரணியால் தாங்க முடியவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பதையும் மறந்து உடைந்து அழுதாள்.

“ருக்ஸ், நீ என்னை அடிச்சாலும் பரவால்ல. உனக்கு ஒண்ணு போட்டது நான்தான். எனக்கு அந்த வேலை வேணும்னு வேணும்னேதான் போட்டேன். உன் வேலைய நான்தான் கெடுத்துட்டேன்!”

ருக்ஸானாவின் கை அப்படியே நின்றது. திட்டப்போகிறாள், எழுந்து போய்விடப்போகிறாள் என்று தாரணி தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ருக்ஸானாவின் கண்ணிலும் தண்ணீர்.

“அடிப்பாவி... நீயும் ஒண்ணுதான் போட்டியா?”