முதல் பக்கத்துக்கு ஒரு மனு

மனு மையத்தில் மேசைக்குப் பின்னால் ஆலோசகர் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் பூரணி, பக்கத்தில் மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி அவள் மகள் இன்பா. இணையத் தேடலில் முதல் பக்கத்தில் வரும் மனுவை மட்டுமே ஆட்சியர் அலுவலகம் படிக்கும். 'பள்ளிக் கூரை விழுந்தது' என்ற பூரணியின் மனு மூன்று வாரமாக நாற்பதாம் பக்கத்தில் கிடந்தது.

"பள்ளியை யாரும்மா தேடுறாங்க? பல்லி தலையில விழுந்தா என்னாகும்னுதான் ஊரே தேடுது. 'பல்லி விழுந்த பலன்'னு தலைப்பை மாத்துங்க. பள்ளியில 'ள'வுக்கு 'ல' போட்டா போதும்."

"மிச்சக் கூரைக்குக் கீழ அறுபது புள்ளைங்க உக்காந்திருக்குதுங்க சார். தப்பா எழுதினாத்தான் உங்களுக்குக் காது கேக்குமா?"

பூரணி வெள்ளைத்தாள் வாங்கி, பேனாவை அழுத்தி எழுதினாள்: 'பள்ளி விழுந்த பலன்: என் மகளின் கால் முறிந்தது. அடுத்தது யார் வீட்டுப் பிள்ளை?'

உறையை ஒட்டி, ஆட்சியர் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.