கிரிம்ஷா வீட்டு ஞாயிற்றுக்கிழமை சூப்

சூப்பில் உப்பில்லை.

போன ஞாயிறும் இல்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை.

அவள் கரண்டியை வைத்துவிட்டு மேசையின் நடுவே பார்த்தாள்.

உப்பு அங்கே இருந்தது. மேசையோடு திருகாணி போட்டு முடுக்கிய வெள்ளிக் கிண்ணத்தில்.

நாற்பது பேர் உட்காரும் மேசை. இந்தக் கோடியில் அவள். அந்தக் கோடியில் அண்ணன் எல்வுட். நடுவில் காலி நாற்காலிகள்.

எழுந்து போய் ஒரு சிட்டிகை எடுத்தால் தீர்ந்தது.

வீடும் தீர்ந்தது.

தாத்தா உயிலை அப்படி எழுதிவிட்டுப் போயிருந்தார். ஒஹையோவில் ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டி, பாதி அமெரிக்காவுக்கு உப்புப் போட்ட மனுஷர். ஞாயிற்றுக்கிழமை விருந்தில் குடும்பத்தார் இரண்டு பேராவது அவரவர் நாற்காலியில் உட்கார வேண்டும். கடைசியில் வரும் புட்டிங்கைத் தின்று முடிக்கும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் மாளிகை நகராட்சிக்குப் போய்விடும். வேறு கம்பெனி உப்பு வாசல்படி ஏறினாலும் நகராட்சிக்குத்தான்.

சொந்தக் கம்பெனியை மூடிப் பல வருஷம் ஆயிற்று. கிரிம்ஷா உப்பு என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்தக் கிண்ணத்தில் இருப்பதுதான். அதற்கும் பூட்டு. விருந்து தொடங்கும்போது வக்கீல் வந்து திறப்பார். முடிந்ததும் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

பரிமாறுவது அவர் வேலை இல்லை. சமையல்காரியோ எல்லாவற்றையும் மேசையில் வைத்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவாள்.

வக்கீல் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்தார். காரிலேயே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்.

அவள் காலி நாற்காலிகளைப் பார்த்தாள்.

அது பந்தயக் குதிரை வாங்கிய பெரியப்பா. எட்டுக் குதிரை. எட்டும் கடைசி.

அது பறக்கும் கப்பலில் பணம் போட்ட சித்தப்பா. கப்பல் ஒரே ஒரு தடவை பறந்தது.

அது நடிகைக்காகத் தியேட்டர் கட்டிய இன்னொரு சித்தப்பா. திறப்பு விழாவுக்கு அந்த நடிகை கணவரோடு வந்திருந்தாள்.

மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் கேஸ் போட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

"என்ன மில்லி, கிண்ணத்தையே மொறைக்கிற?" அந்தக் கோடியிலிருந்து எல்வுட் கத்தினார். "மொறைச்சா உப்பு நடந்து வந்துடுமா?"

"உனக்கென்ன, பிரஷர்காரன். டாக்டரே உனக்கு உப்பு வேண்டாம்னுட்டார்."

"வேணும்னா எழுந்து போய் எடுத்துக்கயேன். ராத்திரிக்கு ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல படுத்துக்கலாம்."

அவள் இன்னொரு கரண்டி குடித்துப் பார்த்தாள். வெந்நீரில் உருளைக்கிழங்கைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி இருந்தது.

கோபத்தில் மேசையை ஒரு தள்ளுத் தள்ளினாள்.

கிர்ர்ர்.

குனிந்து பார்த்தாள்.

மேசை அசையவில்லை. நாற்காலி நகர்ந்திருந்தது. அவளோடு.

நாற்காலி நகரும் என்பது இத்தனை வயதுக்கு அப்புறம்தான் அவளுக்குத் தெரிகிறது.

கிரிம்ஷா வீட்டில் யாரும் நாற்காலியை நகர்த்தியதில்லை. பின்னால் ஓர் ஆள் நின்று இழுப்பான், உட்கார்ந்ததும் தள்ளுவான். ஆட்களெல்லாம் வேலையை விட்டுப் போனபோது நாற்காலிகள் அவர்கள் விட்ட இடத்திலேயே நின்றுவிட்டன. அண்ணனும் தங்கையும் அன்றிலிருந்து பக்கவாட்டில் உடம்பை நுழைத்துத்தான் உட்காருகிறார்கள்.

அவள் நாற்காலியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காலை ஊன்றி ஓர் எம்பு.

கிர்ர்ர்.

வக்கீல் திடுக்கிட்டு விழித்தார்.

"ஏய்! எழுந்திருக்காத! வீடு போயிடும்!" எல்வுட் அலறினார்.

"எங்க எழுந்தேன்? கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு."

வக்கீல் பக்கத்தில் வந்தார். குனிந்தார். நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று ஒரு பக்கம் பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கமும் பார்த்தார்.

"உக்காந்துதான் இருக்காங்க," என்றார். "அதுல சந்தேகமே இல்ல."

போய் மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்தார். இந்தத் தடவை தூங்கவில்லை.

பெரியப்பாவைத் தாண்டினாள். சித்தப்பாக்களைத் தாண்டினாள். மூச்சு வாங்கியது. பளபளவென்று இருந்த தரையில் நீளமாக நான்கு கோடு.

கிண்ணம் கைக்கு எட்டியது.

உப்பு கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி, சுரண்டியதை நாக்கில் வைத்தாள்.

கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோதுதான் நினைவு வந்தது. சூப்பு அந்தக் கோடியிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பிப் போவதை நினைத்தாலே முட்டி வலித்தது.

கிர்ர்ர்.

இது அவள் நாற்காலி இல்லை.

எல்வுட் வந்துகொண்டிருந்தார். மடியில் சூப்புத் தட்டு. ஒரு கை தட்டில், ஒரு கை நாற்காலியில். ஒவ்வோர் எம்புக்கும் கொஞ்சம் சூப்பு கால்சட்டைக்குப் போனது.

வருகிறார், நிற்கிறார், மூச்சு வாங்குகிறார், மறுபடி வருகிறார்.

பக்கத்தில் வந்ததும் தட்டைத் தூக்கி இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். பாதிதான் மிச்சம் இருந்தது.

அண்ணனைக் கிட்டத்தில் பார்த்து எவ்வளவோ வருஷம் ஆகிறது. முகம் முழுக்க வேர்த்திருந்தது. காதோரம் ஒரு நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

அவர் தட்டை அவள் பக்கம் லேசாகத் தள்ளினார்.

அவள் ஒரு சிட்டிகை சுரண்டி எடுத்தாள். தட்டுக்கு மேலே கொண்டுபோனாள்.

அவர் காதோரத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

பாதியைத் திருப்பிக் கிண்ணத்திலேயே போட்டாள்.