மேலே போகும் கோடு

மதிய வெயில் ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியே சரிந்து, கண்ணாடிக் குழாய்களின் விளிம்பில் மினுங்குகிறது. மூலையில் ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சியாளர் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கொழுப்பு சிதையும்போது பிறக்கும் ஆல்டிஹைடு என்ற நச்சுப்பொருள், ஆன்டிஆக்ஸிடென்ட்டைத் தயாரித்து செல்லைக் காக்கும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிப்போடுகிறது என்று மேடைக்கு மேடை பேசி வந்தவள் அவள். அதையே சொல்லும் அவளுடைய கட்டுரை அச்சுக்குப் போகக் காத்திருக்கிறது. திரையிலோ நொதியின் வேகத்தைக் காட்டும் கோடு மேலே போகிறது. ஆல்டிஹைடு ஒட்டிய நொதி முன்னைவிட மும்முரமாக வேலை செய்கிறது.

“குழாயை மாத்தி வச்சிருப்பேடி,” என்கிறாள் பக்கத்து மேசைத் தோழி.

“திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்துட்டேன். வழக்கமா அதுக்கு வேகம் கூட்டுற துணைப் பகுதி சேராம தனியா நிக்கிற நொதிகூட, ஆல்டிஹைடு ஒட்டினதும் சுறுசுறுப்பாயிடுது.”

“அது விஷமாச்சே!”

“விஷம்தான். அது வந்து தொட்டதும் காவல்காரனுக்கு முழிப்பு வருது போல.”

தோழி குரலைத் தாழ்த்துகிறாள். “கட்டுரை வெளிவரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப வாயைத் திறக்காதே.”

அவள் கையுறையைக் கழற்றுகிறாள். வியர்த்த விரலைத் துடைத்துக்கொண்டு, கட்டுரையைச் சேர்ந்து எழுதிய பேராசிரியரைப் போனில் அழைக்கிறாள்.

“சார், கட்டுரையை நிறுத்திடுங்க. இல்ல சார், சோதனையில தப்பு இல்ல. நாம நினைச்சதுதான் தப்பு.”

அவள் குரலில், அவளுக்கே தெரியாமல், ஒரு சந்தோஷம். தோழி பெருமூச்சு விட்டபடி நாற்காலியை அருகே இழுத்துப் போடுகிறாள்.

“சரி, எனக்கும் ஒருதடவை செஞ்சு காட்டு.”