முப்பத்தொன்றாவது பெயர்

"நூற்றி இருபது ரூபா, டீச்சர். இன்னும் எனக்கு தந்து தீரல்ல."

நாற்காலியில் உட்காரப் போன பிரேமகுமாரி டீச்சர் அப்படியே நின்றார். சொன்னவன் இடிபாடு அள்ள வந்த டிப்பர் லாரியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். தலையில் கட்டிய துவர்த்துத் துண்டிலிருந்து கால்வரை ஓட்டுத் தூசி.

பள்ளிக்கூடத்தை இடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மிஞ்சிய சிமென்ட் தரையையும் நாளை பெயர்த்துவிடுவார்கள். அதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று, முப்பது வருடத்துக்கு முன் அந்த மலையாளப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷனில் படித்தவர்கள் கூடியிருந்தார்கள். தங்கள் வகுப்பு இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, சுண்ணாம்புக் கோடு போட்டு, டீச்சரை நடுவில் இருத்தப் போகும் நேரத்தில்தான் இவன் வந்தான்.

"அண்ணன் ஆரு?" என்று கேட்டான் பிஜு. எல்லாரையும் போன் போட்டுக் கூட்டியவன் அவன்தான்.

"அண்ணனா? எலே, நான் உன்கூட படிச்சவனாக்கும். ராபின்சன். போட்டாவில எனக்கும் ஒரு இடம் வேணும்."

பிஜு, பள்ளிப் பதிவேட்டிலிருந்து எழுதி வந்த பட்டியலைப் பிரித்தான். முப்பத்தொன்றாவது பெயர் ராபின்சன். ஆனால் ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் கேட்டும் அந்தப் பெயருக்கு முகம் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

"பேரு உண்டு. அது நீதான்னு எப்படி நம்பதுக்கு? லோடு ஏத்த வந்த இடத்தில பேரைக் கேட்டுட்டு ஆரும் வந்து நிக்கலாமே. டீச்சர், இவன் நம்ம கிளாஸா?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடியவேயில்லை.

ராபின்சன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தான்.

"கோடு தப்பு. கிளாஸ் இன்னும் ரெண்டடி இங்கோட்டு. இங்ஙனதான் ஜன்னல். நடுக் கம்பி கிடையாது. லிஷா, நீ புதுக் குடைய விரிச்சு வச்சு, அது காத்தில ஜன்னல் வழியா பறந்து கிணத்துக்கிட்ட போய் விழுந்துல்லா? மழையில ஓடிப்போய் எடுத்துத் தந்தது நானாக்கும்."

"பச்சைக் குடை," என்றாள் லிஷா. சொன்னபோது அவளுக்கு மறுபடியும் பதினைந்து வயதாகிவிட்டது. "அப்பா துபாயில இருந்து கொண்டுவந்தது."

"இந்த இடத்தில ஓடு ஒழுகும். பிஜு, நீ தலையில வாழையிலைய வச்சிட்டு இருந்த. ஆபீசர் தலை எண்ண வந்தப்பம் பென்சில் எடுக்கதுக்கு பெஞ்சுக்கு அடியில போயிட்ட. ஒரு தலை குறைஞ்சு போச்சு. டீச்சருக்கு முகமே வெளுத்துப்போச்சு. உன் காதைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பிஜுவின் கை தானாகக் காதுக்குப் போனது.

"அண்ணைக்கு ஒரு தலை குறைஞ்சிருந்தா தமிழ் டிவிஷனே போயிருக்கும்," என்றாள் லிஷா. "டீச்சருக்க வேலையும் போயிருக்கும்."

பிஜு விடவில்லை. "செரி, டீச்சர் கடைசியா நடத்தின பாடம் எது?"

"கடைசிப் பாடம் தெரியாது. முதல் பாடம் கேளு, ஒரு வரி விடாம சொல்லுதேன்."

"கடைசிப் பாடம் பிஜுவுக்கும் தெரியாது. அவனுக்க மார்க்கைப் பாத்தா தெரியும்," என்றாள் லிஷா. "ஆனா ராபின்சா, நீ சொல்லதில எல்லாம் மழையா இருக்கே. நம்ம ஸ்கூலில வெயிலே அடிக்கல்லியா?"

"எனக்கு மழைதான் ஓர்மை."

லாரி ஹாரன் அடித்தது. ராபின்சன் திரும்பிப் பார்க்காமலேயே கையைக் காட்டினான். "நீ போ. ஒரு லோடு கூலி போனா போட்டு."

அதைப் பார்த்த பிஜுவுக்கு என்னவோ ஆகிவிட்டது. "இப்பம் எனக்கு நல்லா ஓர்மை வருது. பத்மநாபபுரம் டூரில, பஸ்ஸில என் சட்டையில வாந்தி எடுத்தது நீதானே?"

ராபின்சன் கொஞ்சம் யோசித்தான். "நானாத்தான் இருக்கும்."

"பொழியூர் கடலில என் செருப்பைத் தூக்கிக் களைஞ்சது?"

"அதுவும் நான்தான். மன்னிச்சிரு மக்கா."

"முப்பது வருசம் கழிச்சு மன்னிப்பா? வாலே இங்க." பிஜு அவனைத் தோளோடு அணைத்து இழுத்துப்போய் நடு வரிசையில் நிறுத்தினான். வெள்ளைச் சட்டையில் ஓட்டுத் தூசி அப்பியது. தட்டிவிடாமல், பட்டியலை எடுத்து முப்பத்தொன்றாவது பெயருக்கு நேரே டிக் அடித்தான்.

"அதென்ன டீச்சர் உனக்குத் தர வேண்டிய கடன்?" என்று லிஷா கேட்டாள்.

"அது எனக்கும் டீச்சருக்கும் உள்ள காரியம்."

மற்றவர்கள் தலை சீவி, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த இடைவெளியில், டீச்சர் அவனைக் கண்ணால் அருகே கூப்பிட்டார். கைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து அவன் கைக்குள் வைத்தார்.

"சம்பளம் கிட்டினதும் மொத்தமா தரணும்னு நெனச்சிருந்தேன். பின்ன உன்னைக் காணக் கிட்டல்ல. வட்டியும் சேத்து வச்சுக்க மக்கா. இவங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம இருந்தியே, அதுவே பெரிசு."

ராபின்சன் நோட்டை அவர் பைக்குள்ளேயே திரும்ப வைத்து மூடினான்.

"அந்தக் கடனைத் தள்ளியாச்சு, டீச்சர்," என்றான் மெதுவாக. "தலை எண்ணுத அண்ணைக்கு மட்டும், நாளுக்கு நாப்பது ரூபா தாறேன்னு செங்கல் சூளையில இருந்து கூட்டிட்டு வந்து, எட்டாம் கிளாஸில ஒரு நாளு, ஒம்பதில ஒரு நாளு, பத்தில ஒரு நாளு என்னை இருத்தினிய. நான் பள்ளிக்கூடம் போனதே அந்த மூணு நாளுதான். கணக்குப் பாத்தா நானில்லா ஒங்களுக்குக் காசு தரணும்."