தலைக்கு மேலே

ஒரு வீடியோ கேமுக்குள் உடம்பெல்லாம் செதில் மூடிய எறும்புத்தின்னியான அழுங்கும் ஒரு கொக்கும் சண்டை போட்டுவந்தன. பத்தொன்பது ஆட்டத்திலும் அழுங்குதான் தோற்றது. இருபதாவதிலும் தோற்றால் அதை விளையாட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள்.

அழுங்கு எப்போதும் குனிந்து சுருண்டே இருக்கும். கொக்கின் உதை எதுவும் அதன் செதிலைத் தாண்டாது. ஆனால் திடீரென்று மேலிருந்து ஓர் அடி விழும். அதைக் குனிந்தபடி தடுக்க முடியாது, எழுந்து நின்றுதான் தடுக்க வேண்டும் என்பது அங்கே விதி.

"மேலே அப்படி என்னதான் பண்றே?" என்று அழுங்கு கேட்டது.

"நிமிர்ந்து பாரேன்" என்றது கொக்கு.

"நிமிர்ந்தா கால்ல உதைப்பே."

"உதைப்பேன்தான். ஆனா மேலே அடிக்கிறதுக்கு முன்னாடி றெக்கையை எவ்வளவு உயரம் தூக்குறேன் தெரியுமா? உன்னைத் தவிர எல்லாரும் பார்த்து ரசிச்சாச்சு."

இருபதாவது ஆட்டம் தொடங்கியது. ஓர் உதை வந்தது, இன்னோர் உதை வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அழுங்கால் பொறுக்க முடியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது. கொக்கின் றெக்கை ஒவ்வோர் இறகாக விரிந்து மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. அழுங்கு எழுந்து நின்று, இறங்கிய அடியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டது.

"இவ்வளவுதானா?"

கொக்கு தடுமாறிப் பின்னால் போனது. "சரி, நீ அடி பார்க்கலாம். அடிக்கத் தெரியுமா உனக்கு?"

அழுங்கு இதுவரை யாரையும் அடித்ததில்லை. அதற்குத் தெரிந்தது இப்போது பார்த்த ஒன்றுதான். அதைப் போலவே தன் கையை மெதுவாகத் தலைக்கு மேலே தூக்கியது.

கொக்கு அவசரமாகக் குனிந்துகொண்டது.