இயல்பு நேரம் ஐந்து விநாடி

“இந்த ஃபோட்டோ மட்டும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்மா. எல்லாரும் நல்லா பாக்கணும்.”

அண்ணன் எனக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, திரையை விரலால் தொட்டுக் காட்டினான். ரேகை அப்படியே பதிந்தது. எடிட்டிங் செய்கிறவளின் திரையைத் தொடுகிறவனுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு.

திரையில் அம்மாவின் முகம், அவன் முகம், நடுவில் ஒரு ஸ்பூன். ஊட்டுகிறான்.

அவன் டிரைவர் எடுத்த படம். அம்மா போன நாளிலிருந்து அதுதான் அவனுடைய டிபி. வட்டத்துக்குள் ஒரு தாய், ஒரு மகன், ஒரு ஸ்பூன். பார்த்தவர்கள் எல்லாம் உருகிப்போனார்கள்.

படத்தோடு ஒரு கதையும் சொந்தக்காரர்களைச் சுற்றி வந்தது. அம்மாவை இரண்டு வருடமாக வைத்துப் பார்த்துக்கொண்ட நான் அவளைப் பட்டினி போட்டுவிட்டேனாம். அண்ணன் வந்த அன்றைக்குத்தான் ஒரு வாய் ஆசையாகச் சாப்பிட்டாளாம்.

பெத்தவளுக்கு ஒரு வாய் போட உனக்கு மனசு வரலையாடி என்று பெரியம்மா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். சித்தப்பா இப்போதெல்லாம் என் ஃபோனை எடுப்பதில்லை. நான் வாயைத் திறந்தால், கூடப் பிறந்தவன் தலையில் பழியைக் கட்டுகிறாள் என்பார்கள். பாவி, முந்திக்கொண்டான். முந்திக்கொண்டவன் பேச்சுதானே எடுபடும்.

நாளைக்கு மண்டபத்தில் அம்மாவுக்கு நினைவுக் கூட்டம். பெரிய திரைக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். வீடியோ என் தலையில். வெளியே கொடுத்தால் செலவு, தங்கச்சி என்றால் ஓசி.

ஆரம்பத்திலிருந்து ஓட்டிக் காட்டினேன். ஒவ்வொரு படமும் ஐந்து விநாடி நின்று நகர்ந்தது. தன் படம் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடிப்பு என்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே துடைத்துக்கொண்டான், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அப்படியே கீழ, ‘அம்மாவுக்குக் கடைசியாக ஊட்டிய கை’ன்னு எழுத்து போட்டுடு. மஞ்சள்ல போடு, பளிச்சுன்னு தெரியும்.”

போட்டேன். பிரமாதம் என்று என் தலையைத் தட்டிவிட்டு, மண்டபத்தில் மைக் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பினான்.

அவன் கார் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்றேன். பிறகு வந்து எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்ஸைத் திறந்தேன்.

வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நான் விட்டுவைத்திருந்த இடம் அது. படங்களின் இயல்பு நேரம், ஐந்து விநாடி.

ஒரே ஒரு ஃபிரேம் என்று வைத்துவிடலாமா என்று காலையிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். கண் இமைப்பதற்குள் அண்ணன் வந்து போயிருப்பான். ஸ்பூனும் தெரியாது, மகனும் தெரியாது. நினைக்கவே இனித்தது.

ஆனால் அது சில்லறைப் பழி. என் வயிற்றெரிச்சலுக்குக் காணாது.

ஐந்தை அழித்துவிட்டு அறுபது என்று அடித்தேன். அவன் கேட்டதுதானே, நன்றாகவே நிற்கட்டும்.

அதற்குக் கீழே படத்தின் அளவு. ‘திரையை நிரப்பு’ என்று இருந்தது. நெட்டுவாக்கில் எடுத்த படத்தை அகலத் திரையில் நிரப்பினால் மேலேயும் கீழேயும் இருப்பது வெட்டுப்பட்டுப் போகும், நடு மட்டும்தான் தெரியும். அதை ‘முழுப் படம்’ என்று மாற்றினேன்.

இந்த செட்டிங்ஸுக்கு ஒரு குணம் உண்டு. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட படங்களைச் சீண்டாது, இனி வருவதற்கு மட்டும்தான் புதுச் சட்டம். அதனால் அம்மாவின் மற்ற படங்கள் இருந்தபடியே இருந்தன. அண்ணன் படத்தை மட்டும் வரிசையிலிருந்து நீக்கினேன். பெரிய திரைக்கு ஒரிஜினல் வேண்டும், இல்லையென்றால் உடையும் என்று சொல்லி அவனிடமே கேட்டு வாங்கியது என்னிடம் இருந்தது. அதை உள்ளே கொண்டுவந்தேன்.

இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு, நடுவில் முழுசாக வந்து நின்றது.

நடுவில் ஸ்பூன். கீழே அம்மாவின் வயிற்றிலிருந்து வெளியே வரும் குழாய். இரண்டு வருடமும் நான் அதன் வழியாகத்தான் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தேன்.

மேலே, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒரு அட்டை. நர்ஸுகள் மாறி மாறி வருகிறார்களே என்று நான் சிவப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியது.

‘வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். விழுங்க முடியாது. மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கு ஆபத்து.’

அன்றைக்கு அவன் பக்கத்தில் இருக்கிறானே என்ற தைரியத்தில் மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாப்பாடு நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்றார் டாக்டர். விடிவதற்குள் போய்விட்டாள்.

படத்துக்கு அடியில் மஞ்சள் எழுத்து பளிச்சென்று இருந்தது.

ஒரு நிமிடம் போதுமா என்று சந்தேகம் வந்தது. எங்கள் சொந்தத்தில் வயதானவர்கள் அதிகம், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள்.

இரண்டு நிமிடமாக்கினேன்.